பொம்மைகளைப் பூட்டும் முன் இடங்களை எண்ணிப் பாருங்கள்

வாசகர் கேள்வி:

குழந்தைகள் காப்பகம் ஒன்று நடத்துகிறேன். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 26 பிள்ளைகள். இரண்டு வயது நிரம்பாத 8 பேர் சின்ன அறையில், மற்ற 18 பேர் பெரிய அறையில். என்னோடு சேர்த்து நான்கு பேர் பார்த்துக்கொள்கிறோம். பொம்மைகளுக்குக் குறைவே இல்லை. பெற்றோர்கள் கொண்டுவந்து கொடுத்தபடியே இருக்கிறார்கள். எல்லாவற்றையும் மூடி போட்ட இரண்டு பெரிய பெட்டிகளில் போட்டு வைத்திருக்கிறோம். காலையில் திறந்து அறை நடுவில் கொட்டுவோம். ஒரு பிள்ளைகூட ஒன்றில் நிலைத்து விளையாடுவதில்லை. அத்தனை சாமான் கிடக்க, ஒரே வண்டிக்கு மூன்று பேர் மல்லுக்கட்டுகிறார்கள். இரண்டே கால் வயதுப் பையன் ஒருவன் இந்த மாதம் நான்கு முறை மற்ற பிள்ளைகளைக் கடித்துவிட்டான். கடிபட்ட குழந்தையின் அம்மா அவனை நிறுத்தச் சொல்கிறார். முற்றத்திலும் இதே கதைதான். அங்கே இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், மூன்று சக்கர சைக்கிள் இரண்டு, ஒரு மணல் தொட்டி இருக்கின்றன. சாயங்காலம் எல்லாவற்றையும் கழுவி எடுத்து வைக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது. “பொம்மைகளைப் பூட்டி வைத்து, நேரம் போட்டு ஒவ்வொன்றாகக் கொடுப்போம்” என்கிறார் என் உதவியாளர். “சும்மா கட்டையை அடுக்கி என்ன கற்றுக்கொள்கிறார்கள்?” என்று கேட்கும் பெற்றோர்களும் இருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பூட்ட வேண்டாம். களைத்துப்போன காப்பகங்கள் பலவும் கடைசியில் போய் நிற்பது அந்தப் பூட்டில்தான் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூட்டினால் சண்டை குறையும், உண்மைதான். கூடவே விளையாட்டும் குறையும். பெரியவர் எடுத்துக் கொடுத்தால்தான் விளையாட்டு என்று பிள்ளைகள் பழகிவிட்டால், உங்கள் நால்வரில் ஒருவர் நாள் முழுக்க அலமாரிக்குக் காவல் நிற்க வேண்டியதாகிவிடும்.

இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி 1907 ஜனவரியில் ரோம் நகரத்தின் சான் லொரென்சோ பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தபோது அங்கேயும் பொருள்கள் பூட்டிய அலமாரியில்தான் இருந்தன. ஆசிரியை எடுத்துக் கொடுப்பார், திரும்ப வாங்கி உள்ளே வைப்பார். ஒருநாள் அலமாரி பூட்டப்படாமல் இருந்துவிட்டது. ஆசிரியை வந்து பார்த்தால், பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எடுத்துக்கொண்டு வேலையில் மூழ்கியிருந்தார்கள். ஆசிரியைக்கு அது திருட்டாகப் பட்டது. தங்களுக்கு எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் அளவுக்குப் பிள்ளைகளுக்குப் பொருள்கள் பழகிவிட்டன என்று மாண்டிசோரி புரிந்துகொண்டார். அதன் பிறகுதான் பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற, பூட்டு இல்லாத, தாழ்வான அலமாரிகள் வந்தன. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஏற்பாட்டை விட மேலானதாக இன்னொன்றை நான் கண்டதில்லை.

உங்களிடம் பொம்மை ஏராளமாக இருக்கிறது. விளையாடுவதற்கான இடம்தான் இல்லை. ஒரு பிள்ளையோ இரண்டு மூன்று பிள்ளைகளோ உட்கார்ந்து, யாரும் மிதித்துக்கொண்டு போகாமல், ஒன்றைத் தொடங்கி முடிக்கிற அளவுக்கு வசதியான ஒரு மூலையைத்தான் இடம் என்கிறேன். சதுர அடிக் கணக்கு அதற்கு அடுத்ததுதான். நடு அறையில் கொட்டிய குவியல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது அப்படிப்பட்ட இடம் ஆகாது.

இதை எண்ணிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சிபில் கிரிட்செவ்ஸ்கி, எலிசபெத் பிரெஸ்காட் ஆகியோர் அமெரிக்காவின் மழலையர் பள்ளிகளைப் பார்த்து 1969இல் வெளியிட்ட கணக்கு அது. ஒரே ஒரு வேலைக்கு மட்டும் ஆகும் சாமான், அதாவது ஊஞ்சல், சைக்கிள் போன்றவை, ஓர் இடம். இரண்டு வகைப் பொருள் சேர்ந்தது, உதாரணமாக மணலும் தோண்டும் கரண்டிகளும், நான்கு பிள்ளைகளைத் தாங்கும். மூன்று வகை சேர்ந்தால், அதாவது மணல், கரண்டி, தண்ணீர் என்றால், எட்டுப் பேரைத் தாங்கும். பிள்ளைக்கு ஒரு இடம் என்று சரியாக இருந்தால் போதாது. அப்போது ஒரு பிள்ளை தன் விளையாட்டை முடித்து நிமிர்ந்தால், காலியான இடம் எதுவும் கண்ணில் படாது. அது இசை நாற்காலி விளையாட்டு மாதிரி ஆகிவிடும். எங்கே போனாலும் இன்னொருவரைக் கிளப்பித்தான் உட்கார வேண்டும். பிள்ளைக்கு ஒன்றரை இடமாவது வேண்டும், இரண்டு இருந்தால் நிம்மதி.

உங்கள் முற்றத்தை இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். ஊஞ்சல் இரண்டு, சறுக்குமரம் ஒன்று, சைக்கிள் இரண்டு, கரண்டிகூட இல்லாத மணல் தொட்டி என்றால் அது ஒன்று. மொத்தம் ஆறு. பதினெட்டுப் பிள்ளைகளை ஆறு இடத்தில் விட்டால் பன்னிரண்டு பேருக்கு வேலை இல்லை. அவர்கள் சும்மா நிற்கமாட்டார்கள், அந்த ஆறு பேரிடம்தான் போவார்கள். இதில் பிள்ளைகளின் குணத்தைப் பற்றிச் சொல்ல எதுவுமே இல்லை.

புதிதாக எதுவும் வாங்காமலே இதை மாற்றலாம். மணல் தொட்டியில் கரண்டி, குவளை, சல்லடை, புனல் எல்லாவற்றையும் ஒன்றுக்கு நான்காகப் போடுங்கள். பக்கத்தில் ஒரு தொட்டியில் தண்ணீர் வையுங்கள். ஒன்றாக இருந்த இடம் எட்டாகிவிடும், மொத்தம் 13. சுவர் ஓரமாகச் சின்ன வாளிகளும் அகலப் பிரஷ்களும் கொடுத்து, தண்ணீராலேயே சுவருக்கு ‘வெள்ளை’ அடிக்க விடுங்கள். அது இன்னொரு நான்கு. பிறகு பதினெட்டுப் பேரையும் ஒரேயடியாக வெளியே விடாமல் ஒன்பது ஒன்பதாக விடுங்கள். ஒன்பது பேருக்கு 17 இடம். உள்ளே இருக்கும் ஒன்பது பேருக்கும் அறை விசாலமாகிவிடும். அதே நாள், அதே சாமான், அதே நான்கு பெரியவர்கள்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் ஒரு கண்டிப்பு வேண்டும். இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்திலேயே சின்னப் பிள்ளை மூழ்கிப்போக முடியும், அதுவும் சத்தமே இல்லாமல். தொட்டியில் தண்ணீர் இருக்கும் வரை ஒருவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அவர் உள்ளே போவதாக இருந்தால் கவிழ்த்துவிட்டுத்தான் போக வேண்டும். வாளிகளுக்கும் இதுவேதான்.

இனி பெரிய அறை. நடுவைக் காலியாக வைத்து, சாமான்களைச் சுவரோரம் தள்ளியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பார்வைக்கு அறை பெரிதாகத் தெரியும். பிள்ளையின் கண்ணுக்கு அது ஓடுகளம். கதவிலிருந்து எதிர்ச்சுவர் வரை நேராகத் தடையில்லாமல் கிடக்கும் எந்தப் பாதையிலும் பிள்ளை ஓடத்தான் செய்யும். “ஓடாதே” என்று நாள் முழுக்கச் சொல்வதை விட, அந்த நேர்க்கோட்டின் நடுவே ஒரு மேசையைப் போட்டுவிடுவது மேல். தாழ்வான அலமாரிகளைச் சுவரிலிருந்து இழுத்து, குறுக்கே நிறுத்தி மூலைகளாகப் பிரியுங்கள். உயரம் பிள்ளையின் நெஞ்சளவு இருந்தால் போதும். உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு அறையின் எல்லா மூலையும் தெரிய வேண்டும். குறுக்கே நிற்கும் அலமாரியில் ஒரு பிள்ளை ஏறினால் அப்படியே மேலே சாய்ந்துவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் தரையோடோ சுவரோடோ திருகாணி போட்டு இறுக்காமல் பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள்.

எந்த மூலை எங்கே என்பதற்குச் சத்தமும் நடமாட்டமும்தான் அளவுகோல். கட்டை அடுக்கும் இடமும் அப்பா அம்மா விளையாட்டுக்கான இடமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டும் சத்தமானவை, ஒன்றின் சாமான் இன்னொன்றுக்குப் போய்ச் சேர்ந்து கதை வளரும். கட்டை மூலைக்கு மூன்று பக்கமும் மறைப்பு வேண்டும், அதன் வழியாக யாரும் கழிப்பறைக்குப் போகக் கூடாது. அரை மணி நேரம் பாடுபட்டுக் கட்டிய கோபுரத்தை வழியில் போகிறவன் தட்டிவிட்டால் கட்டியவன் அடிக்கத்தான் செய்வான், அவன் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. புத்தகங்கள் அறையின் மறுகோடியில், வெளிச்சம் விழும் இடத்தில். வண்ணம் தீட்டுவதும் களிமண்ணும் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். இவை தவிர, ஒரே ஒரு பிள்ளை போய் ஒடுங்கி உட்காரும்படி ஒரு சின்னப் பொந்து அவசியம் வேண்டும். ஒரு பெரிய அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளே தலையணை போட்டால் போதும். எட்டு மணி நேரம் பதினேழு பேரோடு இருப்பது பெரியவருக்கே பெரும்பாடு. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அதிலிருந்து விலகிப் போக ஒரு வழி இல்லையென்றால், தள்ளிவிட்டோ கடித்தோதான் தனக்கு இடம் உண்டாக்கிக்கொள்ளும்.

தரை அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இங்கிலாந்தில் உள்ள சட்டப்படி இரண்டு வயதுக்குக் கீழே பிள்ளைக்கு 3.5 சதுர மீட்டர், இரண்டு வயதுக்கு 2.5, மூன்று முதல் ஐந்து வயதுக்கு 2.3. நடைவழி, சாமான் அறை, சமையலறை, கழிப்பறை எல்லாம் கழித்த பிறகு வரும் கணக்கு இது. உங்கள் உரிமத்தில் வேறு அளவு இருக்கும், அதுதான் உங்களைக் கட்டுப்படுத்தும். ஆனாலும் உங்கள் எட்டுக் கைக்குழந்தைகளின் அறை 28 சதுர மீட்டருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். பல இடங்களில் தவழும் பிள்ளைகளுக்குத்தான் மிகச் சிறிய அறை ஒதுக்குகிறார்கள். அதிக இடம் தேவைப்படுவது அவர்களுக்கு.

மூடி போட்ட அந்த இரண்டு பெட்டிகளையும் இந்த வாரமே அகற்றிவிடுங்கள். கனமான மூடி தலையிலோ கழுத்திலோ விழும், பிள்ளை உள்ளே புகுந்துகொண்டால் மூச்சு முட்டும். அது ஒரு பக்கம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே வழி கொட்டிப் பார்ப்பதுதான். உங்கள் சாயங்கால ஒன்றரை மணி நேரத்தில் பாதி அந்தப் பெட்டிகளால் வந்தது. திறந்த தட்டில், ஒவ்வொரு கூடைக்கும் நடுவே கையகல இடைவெளி விட்டு வையுங்கள். கூடையின் மேலும், அது இருக்க வேண்டிய இடத்திலும் அதே பொருளின் படத்தை ஒட்டுங்கள். கட்டைகளுக்கு அவற்றின் உருவத்தையே காகிதத்தில் வெட்டி அலமாரியில் ஒட்டிவிட்டால், எடுத்து வைப்பதே ஒரு விளையாட்டாகிவிடும்.

எத்தனை பொருள் வெளியே இருக்க வேண்டும்? இங்கே ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும், அதில் ஒளிந்திருக்கும் பள்ளத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 18 முதல் 30 மாதம் வரையிலான 36 பிள்ளைகளை, ஒருமுறை நான்கு பொம்மைகளோடும் ஒருமுறை பதினாறு பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள். 2018இல் வெளிவந்தது. நான்கு இருந்தபோது பிள்ளைகள் ஒவ்வொன்றிலும் அதிக நேரம் நிலைத்தார்கள், ஒரே பொம்மையைப் பல விதமாகப் பயன்படுத்தினார்கள். இதைக் கேள்விப்பட்டதும் பல காப்பகங்கள் பொம்மைகளைப் பாதியாகக் குறைக்கின்றன, சண்டை இரட்டிப்பாகிறது. காரணம், அந்த ஆய்வில் ஒவ்வொரு பிள்ளையும் தனியாக விளையாடியது. பறிக்க வேறு பிள்ளை அங்கே இல்லை. கூட்டமாகப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் குறைக்க வேண்டியது வகைகளை மட்டும்தான், எண்ணிக்கையை அல்ல. பத்து விதமான வண்டியில் ஒவ்வொன்று இருப்பதை விட, ஒரே மாதிரி வண்டி ஐந்து இருப்பது உங்களுக்கு எத்தனையோ மடங்கு உதவும். நிறம்கூட ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது.

மீதியை உள்ளே எடுத்து வையுங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை சிலவற்றை மட்டும் மாற்றுங்கள். தேதி பார்த்து மொத்தத்தையும் மாற்றுகிற வழக்கம் வேண்டாம். எதைப் பிள்ளைகள் தொடாமல் விட்டுவிட்டார்கள் என்று கவனித்து அதை மட்டும் எடுங்கள். தினமும் ரயில் ஓட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையிடமிருந்து, முறை வந்துவிட்டது என்று ரயிலைப் பிடுங்கினால் அவன் பாதியில் விட்ட யோசனையும் கூடவே போய்விடும். கட்டை, மணல், அப்பா அம்மா விளையாட்டுச் சாமான், படப் புத்தகம், வரைய வேண்டியவை ஆகியவை ஆண்டு முழுக்க அங்கேயே இருக்க வேண்டும்.

“பகிர்ந்து விளையாடு” என்று இரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்வதையும் நிறுத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் பிள்ளைகளின் விளையாட்டை வகைப்படுத்தி எழுதியபோது, சின்னப் பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவதை விட, பக்கத்தில் உட்கார்ந்து ஒரே மாதிரிப் பொருளை வைத்துத் தனித்தனியே விளையாடுவது அதிகம் என்று காட்டினார். அது வளர்ச்சியின் இயல்பான படி. கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டால் அது திரும்பி வரும் என்ற நம்பிக்கை அந்த வயதில் இன்னும் வேர்விடவில்லை. பெரியவர் பிடுங்கி அடுத்தவனிடம் கொடுக்கும்போது, பிள்ளை கற்றுக்கொள்வது பலமுள்ளவர் பிடுங்கலாம் என்பதை. அதற்குப் பதிலாக, “அவள் முடித்ததும் உனக்கு. அது வரை உன்னோடு நான் இருக்கிறேன்” என்று காத்திருக்கும் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள். முடித்த பிள்ளையிடம், “அவன் காத்திருந்தான், நீயே கொண்டுபோய்க் கொடு” என்று சொல்லுங்கள். மூன்று வயது தாண்டியவர்களுக்கு மணல் கடிகாரம் நன்றாக வேலை செய்யும். நேரம் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்று புரிகிறது.

கொடையாக வரும் பொம்மைகள் பற்றி. ஒவ்வொன்றும் உங்கள் மேசையைத் தாண்டித்தான் அறைக்குள் போக வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கான சிறு பாகச் சோதனையில் பயன்படும் உருளையின் குறுக்களவு 31.7 மில்லிமீட்டர், ஆழம் அதிகபட்சம் 57.1 மில்லிமீட்டர். எந்தப் பொருளோ உடைந்த துண்டோ அழுத்தாமல் அதற்குள் முழுதாக அடங்கினால் அது தொண்டையில் அடைக்கக் கூடியது. பந்துக்கு இன்னும் பெரிய அளவு, 44.4 மில்லிமீட்டருக்கும் சின்னதாக இருந்தால் வேண்டாம். முதலில் சொன்ன உருளையின் அளவில் ஒரு குழாய்த் துண்டை வெட்டி அலுவலக மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். துணி பொம்மைகளின் கண்ணையும் பொத்தானையும் நீங்களே பலமாக இழுத்துப் பாருங்கள். பேட்டரி மூடி திருகாணியால் மூடப்படாத எதையும் உள்ளே விடாதீர்கள். விழுங்கிய பட்டன் பேட்டரி இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைச் சுட்டுவிடும். காந்தம் இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். இவற்றில் எது நடந்ததாகச் சந்தேகம் வந்தாலும் காத்திருக்காமல் நேராக மருத்துவமனைதான். ஊதிய பலூனும் வெடித்த பலூன் துண்டும் காப்பகத்துக்குள் வரவே வேண்டாம். பெயின்ட் உரியும் பழைய பொம்மையில் ஈயம் இருக்கலாம், அதுவும் வேண்டாம்.

உங்கள் பெரிய அறையில் இரண்டு வயதினரும் ஐந்து வயதினரும் சேர்ந்து இருக்கிறார்கள். மணி கோர்ப்பது, சின்னத் துண்டுகளால் படம் சேர்ப்பது எல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தேவை, இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆபத்து. அவற்றை மேல்தட்டில் வைத்து, சின்னவர்கள் முற்றத்தில் இருக்கும் நேரத்திலும் தூங்கும் நேரத்திலும் மேசை மேல் மட்டும் எடுங்கள். எண்ணி எடுத்து, எண்ணி உள்ளே வையுங்கள். இந்த ஒரு வகையை மட்டும் எட்டாமல் வைக்கலாம்.

பெற்றோர்களிடம் பொம்மை வேண்டாம் என்று சொல்லத் தயங்குவீர்கள். வேண்டியதன் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். பெரிய அட்டைப் பெட்டிகள், துணித் துண்டுகள், பழைய பைகள், மழமழப்பான மரத் துண்டுகள், உடையாத பாத்திரங்கள். ஒரே வேலைக்கு என்று முடிவு செய்யப்படாத பொருள்கள் எவ்வளவு இருக்கின்றனவோ அவ்வளவுக்குப் படைப்பூக்கம் பெருகும் என்று 1971இல் பிரிட்டிஷ் கலைஞர் சைமன் நிக்கல்சன் வாதிட்டார். ஒரு முழு வாரம் அறையில் விட்டுவைத்த அட்டைப் பெட்டியைப் பார்த்த யாரும் அதை மறுக்கமாட்டார்கள்.

“கட்டையை அடுக்கி என்ன கற்றுக்கொள்கிறார்கள்” என்று கேட்கும் பெற்றோரைக் கோபிக்க வேண்டாம், கூப்பிட்டுக் காட்டுங்கள். அமெரிக்கக் கல்வியாளர் கரோலின் பிராட் உருவாக்கிய மரக்கட்டைகளின் விகிதம் ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு: தடிமனைப் போல இரண்டு மடங்கு அகலம், அகலத்தைப் போல இரண்டு மடங்கு நீளம். இரண்டு அரைக்கட்டை ஒரு முழுக்கட்டை, இரண்டு முழுக்கட்டை ஒரு இரட்டைக்கட்டை. நீளக்கட்டை தீர்ந்துபோய், பாலத்தின் மறுபக்கத்துக்கு இரண்டு குட்டைக்கட்டைகளை எடுத்து வைக்கும் நான்கு வயதுப் பிள்ளை, பின்னத்தைக் கையில் பிடித்திருக்கிறது. அந்தக் கட்டுமானத்தின் படத்தை எடுத்து, பிள்ளை அப்போது சொன்ன வார்த்தைகளை அப்படியே கீழே எழுதி, பெற்றோர் வந்து காத்திருக்கும் இடத்தில் ஒட்டுங்கள். வாரத்துக்கு ஒன்று போதும்.

கழுவும் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லாவற்றையும் தினமும் கழுவத் தேவையில்லை. சின்னவர் அறையில் வாயில் வைத்ததை மட்டும், வாயிலிருந்து எடுத்தவுடனே பிள்ளைக்கு எட்டாத ஒரு தொட்டியில் போட்டுவிடுங்கள். அவற்றைத் தினமும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, கிருமிநாசினியில் அதன் புட்டியில் சொன்ன அளவிலும் நேரத்திலும் வைத்து, காற்றில் முழுதாக உலர்த்துங்கள். அழுக்கு போகாமல் கிருமிநாசினி வேலை செய்யாது, ஆகவே வரிசை முக்கியம். பெரிய பிள்ளைகளின் அறையில் வாரத்துக்கு ஒருமுறை, கண்ணுக்கு அழுக்குத் தெரிந்தால் அன்றே. துணி பொம்மைகள் வாரந்தோறும் துவைக்கப்பட வேண்டும். துவைக்க முடியாதது காப்பகத்தில் இருக்கக் கூடாது. மரத்தை ஊற வைக்காதீர்கள், ஈரத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். உள்ளே தண்ணீர் தங்கும் அமுக்கு பொம்மைகள் பூஞ்சணம் பிடிக்கும், எறிந்துவிடலாம். வயிற்றுப்போக்கு பரவும் நாள்களில் தண்ணீர் விளையாட்டையும் களிமண்ணையும் நிறுத்திவிட்டு, எல்லாருடைய கையையும் சோப்புப் போட்டே கழுவுங்கள். அப்படிப் பரவும் நோரோ வைரஸ் கைக்குத் தடவும் சானிடைசருக்கு அவ்வளவாக மசிவதில்லை. பிளீச்சை வேறு எந்தத் துப்புரவுத் திரவத்தோடும் கலக்கக் கூடாது என்பதை உதவியாளர்கள் மூவருக்கும் நேரில் சொல்லிவிடுங்கள்.

முற்றத்தில் ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் கீழே என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கெட்டித் தரையோ புல்லோ விழும் பிள்ளையைக் காப்பாற்றாது. தளர்வான மணலோ மரச்சீவலோ 23 சென்டிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். மிதிபட்டு இறுகும் என்பதால் அடிக்கடி கிளறி நிரப்ப வேண்டும். சுற்றிலும் 1.8 மீட்டருக்கு எதுவும் இருக்கக் கூடாது, ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் இன்னும் அதிகம். கம்பிகளுக்கு இடையில் 9 முதல் 23 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். வெயிலில் காய்ந்த சறுக்குமரத்தை உங்கள் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே பிள்ளைகளை விடுங்கள்.

எடுத்து வைக்கும் வேலை பிள்ளைகளுடையதும்தான். ஐந்து நிமிடம் முன்னதாக ஒவ்வொரு மூலைக்கும் போய் மெதுவாகச் சொல்லுங்கள், அறை நடுவில் நின்று கத்திச் சொல்வது யார் காதிலும் ஏறாது. “எல்லாவற்றையும் எடுத்து வை” என்பது மூன்று வயதுப் பிள்ளைக்குப் புரியாத கட்டளை. “நீ வண்டிகளை, நான் கட்டைகளை” என்றால் புரியும். கட்டி முடிக்காத கோபுரத்தைக் கலைக்கச் சொல்லாதீர்கள். பிள்ளையின் பெயரை எழுதி ஒரு அட்டையைப் பக்கத்தில் வைத்தால், நாளைக்குத் தொடரலாம்.

கடைசியாக அந்தப் பையன். அவனை நிறுத்த வேண்டாம். இரண்டு வயதில் கடிப்பது வருத்தமானது, ஆனால் அரிதானதல்ல. பேச்சு தேறத் தேறப் பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டு வாரம், ஒவ்வொரு முறை கடித்தபோதும், கடிக்கப் போய்த் தடுத்தபோதும், மணி என்ன, எந்த மூலை, பக்கத்தில் யார், அவன் கையில் என்ன என்று எழுதுங்கள். அனேகமாக ஒரு நேரமோ ஒரு இடமோ திரும்பத் திரும்ப வரும்: சாப்பாட்டுக்கு முன் பசியில், அல்லது எல்லாரும் கதவருகே நெரிசலாக நிற்கும்போது. அந்த நேரத்தில் உங்களில் ஒருவர் அவனுக்குக் கையெட்டும் தூரத்தில் இருங்கள். கடித்துவிட்டால் முதலில் கடிபட்ட பிள்ளையிடம் போங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, குளிர்ந்த துணியை ஒற்றி வையுங்கள். தோல் கிழிந்திருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிறகு அவனிடம், “கடித்தால் வலிக்கும். வேண்டும் என்றால் ‘எனக்கு’ என்று சொல்” என்று குறைந்த வார்த்தையில் சொல்லுங்கள், நீண்ட அறிவுரை அவன் காதில் நிற்காது. கடிபட்ட பிள்ளையின் அம்மாவை நேரில் உட்கார வைத்து, என்ன நடந்தது, நீங்கள் எதை மாற்றுகிறீர்கள், யார் அவனுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்த அம்மாவின் பயம் நியாயமானது, அதைச் சின்னதாக்கிப் பேசாதீர்கள். அதே சமயம், இன்னொரு வீட்டுப் பிள்ளையைப் பற்றி உங்கள் வாயால் எதுவும் வெளியே போகக் கூடாது.

அவனுடைய பேச்சு எப்படி இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. இரண்டு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசத் தொடங்கியிருக்கும். அவன் இன்னும் ஒற்றைச் சொல்லிலோ கை காட்டுவதிலோ நிற்கிறான் என்றால், அறையில் செய்யும் மாற்றங்களின் பலன் தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் காட்டி முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கும்படி அவன் பெற்றோரிடம் இந்த வாரமே பேசுங்கள். போகும்போது நீங்கள் எழுதிவைத்த குறிப்பையும் கொடுத்து அனுப்புங்கள், மருத்துவருக்கு அது மிகவும் பயன்படும்.